டிஸ்க் புதிது, அதிர்வு மட்டும் பழையது

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். காரின் முன்சக்கர பிரேக் டிஸ்க்கை வீட்டிலேயே மாற்றுவது பற்றித் தங்கள் வாகனப் பக்கத்தில் வந்த குறிப்பு பெரும்பாலும் சரி. ஆனால் ‘பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டவும்’ என்று ஒரே வரியில் தாண்டிப்போன இடத்தில்தான் பாதி வேலை இருக்கிறது.

கேலிப்பரையும் (பிரேக் பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பகுதி) அதைத் தாங்கும் பிராக்கெட்டையும் எடுத்துவிட்டாலும் டிஸ்க் சுலபத்தில் வராது. அதைப் பிடித்திருக்கும் ஒன்றிரண்டு சிறு ஸ்க்ரூக்கள் துருவேறி இறுகியிருக்கும். சாதாரண ஸ்க்ரூடிரைவர் போட்டால் தலை மழுங்கிவிடும். சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் வேண்டும். பல டிஸ்க்குகளில் இரண்டு மரைத் துளைகள் இருக்கும். அவற்றில் பொருந்தும் போல்ட்டுகளை (பெரும்பாலும் 8 மி.மீ.) மாற்றி மாற்றி அரைச் சுற்றாக முறுக்கினால் டிஸ்க் தானே விலகும். வெறிகொண்டு அடித்தால் வீல் பேரிங்தான் அடிவாங்கும்.

டிஸ்க் வந்ததும், அது உட்கார்ந்திருந்த ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடம்) முகத்தைப் பாருங்கள். துரு செதில் செதிலாக ஒட்டியிருக்கும். அதன்மேலேயே புதியதை மாட்டுவதுதான் பலரும் செய்யும் பிழை. ஹப்பின் ஓரத்தில் 0.05 மி.மீ. துரு நின்றாலே டிஸ்க்கின் விளிம்பில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். பிரேக் மிதிக்காதபோதும் மேடான இடம் ஒவ்வொரு சுற்றிலும் பேடை உரசும். அந்த இடம் மட்டும் தேயும். சில ஆயிரம் கி.மீ. கழித்துப் பெடல் துடிக்கும், ஸ்டீயரிங் ஆடும். ‘டிஸ்க் வளைந்துவிட்டது’ என்று கடைக்காரரைத் திட்டுவோம். வயர் பிரஷ், எமரி தாள், கால் மணி நேரம்: இவ்வளவுதான் செலவு. புதிய டிஸ்க்கைச் சக்கர நட்டுகளால் முறுக்கிவைத்து, சுற்றும்போது ஆடுகிறதா என்று டயல் கேஜால் அளந்து பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

புதிய டிஸ்க்கில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். பிரேக் கிளீனரால் இரண்டு பக்கமும் துடைக்காவிட்டால் பேட் அதைக் குடித்துவிடும். இடது, வலது சக்கரங்களின் டிஸ்க்குகள் சேர்த்தே மாற வேண்டும், பேடும் புதிதாக இருக்க வேண்டும். பழைய டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டுமா என்பதற்கு அதிலேயே விடை இருக்கிறது: குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும், மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பக்கூடாது, ஸ்டாண்டு வேண்டும் என்று குறிப்பிலேயே இருந்தது. அதோடு பின்சக்கரத்துக்குக் கட்டையும் கொடுங்கள். கழற்றிய கேலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கினால் உள்ளே கிழிந்தது வெளியே தெரியாது. புதிய பேடுக்கு இடம்விட, கேலிப்பரின் பிஸ்டனைச் சி கிளாம்ப்பால் மெதுவாக உள்ளே தள்ளும்போது மேலே பிரேக் ஆயில் டப்பா வழிகிறதா என்று பார்க்க வேண்டும். வழிந்தால் பெயின்ட் உரியும். கேலிப்பர் நகர்ந்து கொடுக்கும் ஸ்லைடு பின்னுக்குச் சிலிக்கான் கிரீஸ். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பவைத்துப் பின்னை இறுக்கிவிடும். பிராக்கெட் போல்ட்டுகளையும் சக்கர நட்டுகளையும் டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்), காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். நட்டுகளை எதிரெதிராக முறுக்குவது முக்கியம்.

குறிப்பில் விடுபட்ட இன்னொன்று ஆபத்தானது. பிஸ்டன் உள்ளே போயிருப்பதால் முதல் மிதியில் பெடல் தரை வரை இறங்கும். வண்டியை நகர்த்தும் முன்பே, பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதிக்க வேண்டும்.

பிறகு, பேடின் படலம் டிஸ்க் முழுதும் சீராகப் படிய, ஆளில்லாத சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை, முழுதும் நிற்காமல், எட்டுப் பத்து முறை மிதமாகக் குறைத்து, நடுவில் கொஞ்சம் ஆறவிட்டு ஓட்டுங்கள். சூடான டிஸ்க்கோடு நிறுத்திப் பெடலை மிதித்தபடியே நின்றால் பேடின் படலம் ஓரிடத்தில் மட்டும் அப்பிக்கொள்ளும். ஹப்பைச் சுத்தம் செய்திருந்தும் அதே துடிப்பு திரும்ப வரும்.

இப்படிக்கு,
வாகனப் பழுதுபார்ப்பவர் ஒருவர்