ஆர்கன் இருக்கிறது, பார்த்து வாசிக்க ஆள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய தேவாலயங்களில் பைப் ஆர்கன்கள் வாசிப்பாரின்றிக் கிடப்பதைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். குழாய்களைச் செப்பனிடவும் துருத்திக்குத் தோல் மாற்றவும் ஆகும் செலவை விரிவாக எழுதிய கட்டுரையாளர், வாசிக்க ஆள் கிடைக்காததற்கு மட்டும் இளந்தலைமுறைக்கு ஆர்வம் இல்லை என்று ஒரே வரியில் காரணம் சொல்லிவிட்டார். அதில் எனக்கு உடன்பாடில்லை. கீபோர்டு கற்கும் பிள்ளைகள் இல்லாத சேகரமே (ஓர் ஆயரின் கீழுள்ள சபைகளின் தொகுதி) இன்று இல்லை எனலாம். கிரேடு தேர்வுச் சான்றிதழ்களும் அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்குகின்றன. அவர்களில் பலருக்குக் கைவராதது ஒன்றுதான்: முன்பின் பார்த்திராத ஒரு பாமாலை (ஞானப்பாட்டு) ராகத்தைத் திறந்து வைத்தால், மேல்வரி, ஆல்ட்டோ, டெனர், அடிக்குரலான பேஸ் என்னும் நான்கு குரல்களையும் அந்த நிமிடமே வாசிக்கும் சைட் ரீடிங்.

இதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்வது நியாயமாகாது. லண்டன் இசைத் தேர்வு வாரியங்களுள் ஒன்றான டிரினிட்டியின் தேர்வுகளில் 5-ஆம் கிரேடு வரை சைட் ரீடிங் கட்டாயமில்லை; துணைத் தேர்வுகளில் வேறு இரண்டைத் தேர்ந்தெடுத்து அதைத் தாண்டிவிடலாம். இன்னொரு வாரியமான ஏ.பி.ஆர்.எஸ்.எம். 2020-இல் கொண்டுவந்த பெர்ஃபார்மன்ஸ் கிரேடுகளில் அந்தப் பகுதியே கிடையாது. நான்கு உருப்படிகளை நன்றாக வாசித்தால் போதும். இவற்றால் வேறு நன்மைகள் இருக்கலாம். ஆனால், ஓர் ஆண்டு முழுவதும் மூன்று நான்கு உருப்படிகளையே விரலுக்குப் பழக்கிய பிள்ளை, சனிக்கிழமை மாலை ஆயர் தரும் பாட்டுப் பட்டியலைக் கண்டு திகைப்பதில் வியப்பில்லை. லண்டனில் 1864-இல் தொடங்கப்பட்ட ராயல் காலேஜ் ஆஃப் ஆர்கனிஸ்ட்ஸ் தன் பட்டயத் தேர்வுகளில் பார்த்து வாசித்தல், சுருதி மாற்றி வாசித்தல் ஆகியவற்றை இன்றும் விடாமல் வைத்திருப்பது, ஆராதனையில் ஆர்கனிஸ்டுக்கு வாரந்தோறும் வேண்டிய திறமைகள் அவையே என்பதால்தான்.

பியானோவில் நன்றாகப் பார்த்து வாசிப்பவரும் ஆர்கன் பெஞ்சில் உட்கார்ந்தவுடன் தடுமாறுவதுண்டு. பியானோவில் தட்டிய ஒலி தானே தேய்ந்து அடங்கும். இடையில் நேரும் சிறு இடைவெளிகளைக் காலால் மிதிக்கும் பெடல் மூடிவிடும். ஆர்கனிலோ விரல் எடுக்கும்வரை ஒலி ஒரே அளவில் நிற்கும், எடுத்த கணத்தில் நின்றுபோகும். ஆகவே ஒரு கட்டையை அழுத்தியபடியே விரலை மாற்றிக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகரும் பழக்கம் வேண்டும். அதற்கு அடுத்து வருவது என்ன என்பதைக் கண் முன்பே பார்த்திருக்க வேண்டும். இதைவிடப் பெரிய தடை இடது கையில் இருக்கிறது. பாமாலை ராகங்கள் பெரும்பாலும் இரண்டு ஸ்டேவ்களில்தான் (ஐந்து கோட்டு வரிசைகளில்தான்) அச்சிடப்பட்டிருக்கும். கீழ் ஸ்டேவில் உள்ள டெனர், பேஸ் இரண்டையும் சேர்த்துப் பிடித்தே பழகிய இடது கை, இனி டெனரை மட்டும் வைத்துக்கொண்டு பேஸைக் காலால் வாசிக்கும் பெடல் கட்டைகளிடம் விட்டுவிட வேண்டும். இந்தப் பிரிவினை மனத்தில் படியும்வரை எவ்வளவு தேர்ந்த பியானோ மாணவரும் தொடக்கநிலை மாணவரே.

இதைக் கற்பிக்க எளிய ராகம் ஒன்றே போதும். 1551-இல் ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் (வேதாகமச் சங்கீதங்களைப் பாட்டாக்கிய தொகுப்பு) வெளிவந்த ஓல்டு ஹண்ட்ரட்த் ராகத்தை எடுத்துக்கொள்வோம். வரிக்கு எட்டு அசையாக நான்கே வரிகள். வேகமான சுரங்கள் இல்லை. முதல் நாள் கைகளை மடியில் வைத்துவிட்டு, கால்களால் மட்டும் பேஸ் வரியை வாசிக்க வேண்டும். குனிந்து பார்க்கக் கூடாது. பெடல்களில் கறுப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாகக் கூடி நிற்பதால், அந்தக் கூட்டங்களுக்கு இடையிலுள்ள அகன்ற இடைவெளியைக் கால் விரலால் தொட்டே இருக்கும் இடத்தை அறியலாம். பிறகு காலுடன் இடது கை, கடைசியில் வலது கை. மேல்வரியின் தொடக்கம் டோ, டோ, டீ, லா, ஸோ, டோ, ரே, மீ என்று போகும். முதல் இரண்டும் ஒரே சுரம் என்பதால், ஆர்கனில் விரலை ஒரு நொடிப்பொழுது தூக்கினால்தான் இரண்டு அசைகள் கேட்கும். தூக்காவிட்டால் சபையார் எட்டு அசைக்கு ஏழைத்தான் கேட்பார்கள். முதல் வரி மீயில் முடிய, அடுத்த வரி மீ, மீ, மீ என்றே தொடங்குகிறது. அங்கே விரல் நன்றாக எழுந்தால்தான் மக்களுக்கும் மூச்சு கிடைக்கும்.

இப்படி ஒரு ராகத்தைப் பிரித்துப் படிப்பது அடித்தளம். சைட் ரீடிங் வளர்வது அடுத்த கட்டத்தில். நாள்தோறும் இதுவரை தொடாத ஒரு ராகத்தைத் திறந்து, தாங்கக்கூடிய மிக மெதுவான தாளத்தில், என்ன தப்பினாலும் நிற்காமல் கடைசி வரிவரை போய்விட வேண்டும். வீட்டுப் பெரியவருக்குச் செய்தித்தாளை உரக்கப் படித்துக் காட்டுபவர், ஒரு சொல் தடுக்கியதற்காகப் பத்தியின் தொடக்கத்துக்குத் திரும்புவதில்லை. உள்குரல் ஒன்று விழுந்தால் விழட்டும். மேல்வரியும் பேஸும் தாளமும் விழக் கூடாது. கண் பின்தங்கும் மாணவருக்கு, வாசித்துக்கொண்டிருக்கும் பாரை (தாளக் கட்டத்தை) ஆசிரியர் ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டே போவது நல்ல மருந்து. தொடக்கத்தில் அழுகை வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கீபோர்டிலுள்ள, சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனும் தானாகத் தாளம் போடும் ஸ்டைல்களும் கீர்த்தனைக்கும் புதிய பாடல்களுக்கும் உதவுகின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் கார்டு (சுரக்கூட்டு) பெயரை மட்டும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஆல்ட்டோவும் டெனரும் தெரிவதேயில்லை.

தென் மாவட்டப் பாடகர் குழுக்களில் சுரங்களை டோ, ரே, மீ எழுத்துகளால் குறிக்கும் டானிக் சால்ஃபா பார்த்துப் பாடிப் பழகியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சுரங்களுக்கு இடையிலுள்ள தூரம் இவர்களுக்குக் காதிலேயே இருப்பதால், கோடுகளில் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷனில் ஒவ்வொரு சுரத்துக்கும் பெயர் தேடாமல், ஏற்ற இறக்கத்தைப் பார்த்தே வாசிக்க விரைவில் பழகிவிடுவார்கள். ஆர்கன் வகுப்புக்கு ஆள் தேடும் சபைகள் முதலில் இவர்களைத்தான் கேட்க வேண்டும் என்பது என் துணிபு.

நான்கு குரல் பாமாலையில் தொடங்குவது ஏதோ குறுக்கு வழி என்று எண்ண வேண்டியதில்லை. யோஹான் செபாஸ்தியான் பாக் தம் மாணவர்களுக்கு இயற்றுமுறை கற்பிக்கையில் பேஸ் வரியின்மேல் மற்றக் குரல்களை நிரப்பும் நான்கு குரல் பயிற்சியையும் அடுத்துக் கோரல்களையும் (ஜெர்மானியச் சபைப் பாடல்கள்) வைத்தே தொடங்கினார் என்று அவருடைய மகன் கார்ல் பிலிப் இம்மானுவேல் 1775-இல் எழுதிய கடிதமொன்றில் குறிப்பிட்டிருக்கிறார். நம் பாமாலைகளில் கணிசமானவை அதே கோரல் ராகங்களில்தான் பாடப்படுகின்றன.

ஆகவே, சபைக் கமிட்டிகளுக்குத் தங்கள் இதழ் வழியாக ஒரு வேண்டுகோள். பெரும் பழுதுபார்ப்புக்கு நிதி சேரும்வரை காத்திராமல், ஒலிக்கின்ற ஸ்டாப்புகளோடு (ஸ்டாப் என்பது ஒரு வரிசைக் குழாய்களை ஒலிக்கச் செய்யும் பிடி) இருக்கும் நிலையிலேயே, வார நாட்களில் மாலை இரண்டு மணி நேரம் ஆர்கனைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். பேஸுக்குப் பெடலில் 16 அடி (குழாய் நீளத்தால் ஒலியின் தாழ்வைக் குறிக்கும் அளவு) ஸ்டாப் ஒன்றும் 8 அடி ஸ்டாப் ஒன்றும், கைக்கு 8 அடி ஸ்டாப் ஒன்றும் வேலை செய்தால் பயிற்சிக்குப் போதுமானது. பாட்டுப் பட்டியலைச் சனிக்கிழமைக்குப் பதில் திங்கட்கிழமை கொடுங்கள். ஞாயிறு காலை ஆராதனையில் ஒரே ஒரு பாமாலையை மாணவர் வாசிக்கட்டும். மற்றவற்றை இப்போது வாசிப்பவரே வாசிக்கலாம்.

இப்படிக்கு,
ஓர் ஆர்கன் ஆசிரியர்,
பாளையங்கோட்டை.