நல்ல கொழுப்புக்கு வழங்கிய நற்சான்று

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

‘நல்ல கொழுப்பு (HDL) 40-ஐத் தாண்டியவர்கள் மாரடைப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்’ என்று ஞாயிறு இணைப்பில் கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். என் தம்பிக்கு அது 52 இருந்தது. அந்த ரிப்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தைரியமாகப் பீடி இழுத்தவன், பிசானப் பருவ நெல் நடவின்போது நெஞ்சைப் பிடித்தபடி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். பாளையங்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிப் பிழைக்க வைத்தோம். ‘எல்லாம் நார்மல்’ என்று சொல்லி அனுப்பிய பரிசோதனைக்கூடத்தின் பெயரை எழுதினால் நீங்கள் அச்சிடப்போவதில்லை, எழுதவில்லை.

நல்ல கொழுப்போடு ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சுற்றும் பாராக்சோனேஸ் என்ற நொதியைத் தாங்கள் அறியாதவரல்ல. கல்லீரலில் உருவாவது. கெட்ட கொழுப்பு ஆக்சிஜனேற்றமடையாமல் காப்பதில் அதற்குப் பங்குண்டு. அப்படிக் கெட்டுப்போன கொழுப்பு ரத்தக்குழாய்ச் சுவரில் தங்கினால் வெள்ளணுக்கள் திரண்டுவரும், அழற்சி மூளும், அடைப்பு வளரும். புகைப்பவர்களிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும் இந்த நொதி மந்தமாகவே வேலை செய்கிறது. அழற்சி மிகுந்தால் நல்ல கொழுப்பே அதை இழக்கக்கூடும். ரிப்போர்ட்டில் எண் மட்டும் அழகாக நிற்கும், ஏனெனில் வழக்கமான ரத்தப் பரிசோதனையில் இந்த நொதியை அளப்பதே இல்லை. நியாசின் என்ற வைட்டமின் மருந்தைக் கொடுத்து நல்ல கொழுப்பின் அளவை ஏற்றிப் பார்த்த அமெரிக்கச் சோதனையை, மாரடைப்பு குறையவில்லை என்று 2011-இல் பாதியில் நிறுத்தினார்கள். இது உங்கள் நிபுணருக்கு எட்டவில்லை போலும்.

நான் நெடுங்காலம் பூச்சிமருந்துக் கடை நடத்தியவன். நாங்கள் விற்ற குளோர்பைரிபாஸ் உடலுக்குள் போய் எந்த நஞ்சாக மாறுகிறதோ, அதை உடைப்பதும் இதே நொதிதான். மூக்கில் துண்டுகூடக் கட்டாமல் கார், பிசானம் என இரு பருவ நெல்லுக்கும் மருந்தடிக்கிற தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு உதவுமே என்று இதை விரிவாக எழுதி அனுப்பினேன். வரவில்லை. அதற்குப் பதிலாக ‘அல்வா சாப்பிடலாமா?’ என்று ஒரு முழுப்பக்கம் வந்தது. தீபாவளிதோறும் வருகிற அதே பக்கம், அதே வாழையிலைப் படம். நெல்லைக்காரனுக்கு இதயம் இருப்பதே அல்வாவைக் குற்றம் சொல்வதற்குத்தான் என்று முடிவு செய்துவிட்டீர்களா?

இந்த முறை கட்டுரைக்கு நேர் கீழே ‘நல்ல கொழுப்பை இரட்டிப்பாக்கும்’ பொடிக்கு விளம்பரம். தற்செயல் என்றே நம்புகிறேன். முதியவர்கள் நம்பத்தானே வேண்டும்.

அந்த வாக்கியத்துக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். கட்டம் வேண்டாம், பொடி எழுத்திலாவது போதும். சென்ற ஆண்டு என் கடிதத்தின் கீழ் ‘கள்ளக்குறிச்சி வாசகர்’ என்று போட்டிருந்தீர்கள். அந்த ஊருக்கு நான் பஸ் ஏறினால் ஓர் இரவு பயணம். இம்முறை ஊர்ப் பெயரையாவது பார்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
கல்லிடைக்குறிச்சி.