நீங்கள் ஆடிப் பார்த்தது எந்தப் பெட்டியில்? – தமிழில் வீடியோ கேம் விமர்சனம் செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில் ஒரு மாடியறையில், மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு கேம் ஆடவிடும் சிறு கடையொன்றை நடத்தி வருகிறேன். கடையில், தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் மூன்று பிளேஸ்டேஷன் 4 பெட்டிகளும் ஒரு பிளேஸ்டேஷன் 5 பெட்டியும் உள்ளன. பழைய மூன்றும் கொழும்பில் வேறொருவர் பாவித்து விற்றவை. பள்ளிக்கூடம் விட்டதும் சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகளும், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொழும்பிலிருந்து ஊர் திரும்பும் இளைஞர்களும்தான் என் வாடிக்கையாளர்கள். எந்தக் கேமை வாங்குவது, எதை விடுவது என்று நான் முடிவெடுப்பது பெரும்பாலும் உங்கள் சொல்லை நம்பித்தான். அந்த நம்பிக்கை தந்த உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன்.

2020 டிசம்பர் 10ஆம் திகதி சைபர்பங்க் 2077 என்ற கேம் வெளிவந்தது. அதற்கு முன்னரே வந்துவிட்ட விமர்சனங்கள் கணினிப் பதிப்பை ஆடிப் பார்த்து எழுதப்பட்டவை. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பொக்ஸ் வன் பதிப்புகள் விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கொடுக்கப்படவில்லை. தாங்களே பதிவுசெய்த காட்சிகளைக் காட்டவும் அவர்களுக்கு அனுமதி இருக்கவில்லை. விமர்சகர்கள் இடும் புள்ளிகளைத் திரட்டிச் சராசரி சொல்லும் மெட்டாகிரிட்டிக்கில் அந்த நாட்களில் 90ஐ ஒட்டிய எண் நின்றது. அதே எண் தமிழிலும் திரும்பச் சொல்லப்பட்டது. எந்தப் பெட்டிக்கு அந்த எண் என்று நான் கேட்ட விமர்சனத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. வெளிவந்த வாரமே, விடுமுறைக்குப் பிள்ளைகள் வருவார்கள் என்ற எண்ணத்தில், கொழும்பில் ஒரு கடைக்காரரிடம் சொல்லிவைத்து டிஸ்க்கை வரவழைத்தேன்.

முதலில் ஆட உட்கார்ந்தவன் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்துப் பையன். வயது பதினைந்து இருக்கும். மூன்று மணி நேரத்துக்கான காசைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தான். தெருவில் கார் நகர்ந்தபோது எதிரே வந்தவர்களுக்கு முகம் இல்லை; மாவில் பிடித்த பொம்மைகள்போல நின்றார்கள். சில விநாடிகள் கழித்தே கண்ணும் மூக்கும் வந்து ஒட்டிக்கொண்டன. சண்டை ஒன்று தொடங்கிய இடத்தில் படம் உறைந்தது. பிறகு சீஈ-34878-0 என்ற பிழை எண்ணோடு நீலத் திரை வந்து நின்றது. பையன் கொன்ட்ரோலரை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, “நான் ஒண்ணும் செய்யலண்ணே” என்றான். நானும் அவனையோ டிஸ்க்கையோ என் பெட்டியையோதான் சந்தேகித்தேன். டிஸ்க்கை வெளியே எடுத்து மூக்குக்கண்ணாடித் துணியால் துடைத்து மறுபடியும் போட்டேன். அன்று மாலைக்குள் இன்னும் நான்கு முறை அதே நீலத் திரை வந்தது. அவன் கொடுத்த காசைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் பெட்டியைப் பழுதாக்கிவிட்டோமோ என்று அவன் பயந்த அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

டிசம்பர் 14ஆம் திகதி கேமைத் தயாரித்த நிறுவனம் பழைய பெட்டிகளுக்கான பதிப்புகளின் நிலைக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. அதற்குச் சில நாட்களில் பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி தன் இணையக் கடையிலிருந்து கேமை நீக்கியது. 2021 ஜூனில்தான் அது திரும்பி வந்தது. இப்போது மெட்டாகிரிட்டிக்கில் கணினிப் பதிப்புக்கு 86, பிளேஸ்டேஷன் 4 பதிப்புக்கு 57. ஒரே பெயர், ஒரே கதை. பெட்டி மாறியதும் 29 புள்ளிகள் போய்விட்டன. விமர்சகர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. தாங்கள் ஆடியதைத்தான் அவர்கள் எழுதினார்கள். எதை ஆடவில்லை என்பதை உரக்கச் சொல்லாததே குறை. தமிழுக்கு வந்தபோது அந்த மெல்லிய குரலும் விடுபட்டுப் போயிற்று.

என் அப்பா தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்தவர். கொழும்பு ஏலத்துக்குப் போகும் தேயிலையை அங்குள்ள ருசி பார்ப்பவர்கள் எப்படி மதிப்பிடுவார்கள் என்று அவர் சொல்லக் கேட்டு வளர்ந்தேன். “சிலோன் தேயிலைக்கு நூற்றுக்குத் தொண்ணூறு” என்று அவர்களில் ஒருவரும் எழுத மாட்டார். எந்தத் தோட்டம், எந்த கிரேட், எந்த இன்வொய்ஸ் (ஒருமுறை அனுப்பிய தொகுதி) என்று பிரித்து, ஒவ்வொன்றையும் தனிக் கோப்பையில் ஊற்றி, இலையின் தோற்றம், ஊறிய இலையின் நிறம், சாயத்தின் சுவை என்று தனித்தனியே சொல்வார்கள். திம்புள்ளைப் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட குளிர்காற்று வீசும்போது வரும் தேயிலைக்கும், அதே தோட்டத்தில் மழைக்காலத்தில் வரும் தேயிலைக்கும் ஒரே தீர்ப்பு எழுதினால் அவரை யாரும் மறுமுறை கூப்பிட மாட்டார்கள். போன மாதம் நன்றாக இருந்தது என்பதற்காக இந்த மாதத்துக் கோப்பையைக் குடித்துப் பார்க்காமல் விடுவதும் இல்லை. கேமுக்குத் தீர்ப்பு எழுதும்போதும் எந்தப் பதிப்பு, எந்தப் பெட்டி, எந்தத் திகதி வரையான அப்டேட் என்ற மூன்றும் முதல் வரியிலேயே இருக்க வேண்டும் என்பதுதான் என் முதன்மையான வேண்டுகோள்.

சராசரி எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2010இல் வந்த டெட்லி பிரிமோனிஷன் கேமுக்கு ஐஜிஎன் என்ற விமர்சனத் தளம் பத்துக்கு 2 கொடுத்தது. டிஸ்ட்ரக்டொயிட் என்ற இன்னொரு தளம் பத்துக்குப் பத்து கொடுத்தது. இரண்டுக்கும் சராசரி 6. ஆனால் அந்த இருவரில் ஒருவரும் அது ஆறு பெறும் கேம் என்று நினைக்கவில்லை. ஜப்பானின் ஃபாமிட்சு சஞ்சிகை நான்கு பேரை ஆடவிட்டு, ஆளுக்குப் பத்தாக நால்வரின் எண்ணையும் தனித்தனியே அச்சிடுகிறது. அந்த முறை எனக்குப் பிடிக்கும். யார் எங்கே ஒத்துப்போகவில்லை என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அதே ஃபாமிட்சு 2019இல் டெத் ஸ்ட்ராண்டிங் கேமுக்கு 40க்கு 40 கொடுத்தபோது, ஐஜிஎன் பத்துக்கு 6.8 கொடுத்தது. மலைமேட்டில் சுமை தூக்கிக்கொண்டு, கால் இடறாமல் நடப்பதே அந்தக் கேமின் பெரும்பகுதி. கொழுந்துக் கூடையும் விறகுக் கட்டும் சுமந்து நடக்கும் மனிதர்களைத் தினமும் பார்க்கிற ஊரில், அது இருவருக்கும் தோன்றாத வேறொரு விதமாகத்தான் விளங்கும். உங்களில் ஒருவர் அதை எழுதியிருந்தால் நான் எத்தனை முறையும் வாசித்திருப்பேன். நீங்களோ அங்கிருந்து வந்த எண்ணைத்தான் எங்களுக்குத் தந்தீர்கள்.

2022 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். அந்த மாத ஆரம்பத்தில் கிரான் டுரிஸ்மோ 7 என்ற கார்ப் பந்தயக் கேம் வந்தது. விமர்சகர்கள் பாராட்டினார்கள், நானும் வாங்கினேன். ஆனால் கேமின் பெரும்பகுதி இணைய இணைப்பில்லாமல் திறக்காது. அந்த மாதத்தின் கடைசியில் இலங்கையில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போயிற்று. மின்சாரம் இருந்த நேரத்திலும் எங்கள் பகுதியில் சிக்னல் சரியாக வரவில்லை. டிஸ்க் பெட்டிக்குள் இருக்கும், பையன்கள் பெஞ்சில் காத்திருப்பார்கள், திரையிலோ இசையோடு ஓட்டும் சிறு பகுதியும் விரல்விட்டு எண்ணக்கூடிய கார்களும் மட்டுமே திறந்திருக்கும். 17ஆம் திகதி அந்தக் கேம் நிறுவனத்தின் சேர்வரே ஒரு நாளுக்கும் மேலாக நின்றுபோனது. கேமுக்குள் பரிசுப்பணத்தை அவர்கள் குறைத்ததும் அதே நாட்களில்தான். விமர்சனங்களில் எண் எழுதப்பட்டபோது இருந்த கேம் அதுவல்ல. மாதம் திரும்பிய பிறகு அதை மறுபடி ஆடிப் பார்த்து இன்னொரு முறை பேசிய தமிழ் விமர்சனம் எதுவும் என் காதுக்கு எட்டவில்லை.

விலையையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது. புதிய பிளேஸ்டேஷன் 5 கேம் பெரும்பாலும் 70 டொலர். நம் பணத்தில் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். 2024இல் வர்த்தமானியில் வந்த தோட்ட நாட்சம்பளம் 1350 ரூபாய். அந்தச் சம்பளத்தில் பதினைந்து நாள் மலையேறிக் கொழுந்தெடுத்தாலும் அந்த ஒரு டிஸ்க்குக்குக் காணாது. ஆகவே “ஒருமுறை ஆடிப் பார்க்கலாம்” என்று போகிற போக்கில் சொல்வதை எங்களால் இலேசாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

கேமில் திரையில் வரும் எழுத்தின் அளவைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. என் கடையில் 32 அங்குலத் தொலைக்காட்சி. பெஞ்சு ஏழடி தள்ளி இருக்கிறது. ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்து ஒரு பூட்டிய கதவு. 2015இல் வந்த விட்சர் 3 கேமின் எழுத்து சிறிதாக இருக்கிறது என்று பலரும் முறையிட்ட பிறகு, அப்டேட்டில் பெரிதாக்கும் வசதி தந்தார்கள். முறையிட்டால் மாறும் விஷயம் இது.

ஓர் எண்ணால் சொல்ல முடியாததையும் கடையில் பார்க்கிறேன். இட் டேக்ஸ் டூ 2021இன் சிறந்த கேம் என்று கேம் அவார்ட்ஸில் விருது வாங்கியது. அதை இருவர் சேர்ந்து மட்டுமே ஆட முடியும். என் கடையில் ஒரு அண்ணனும் தங்கச்சியும் ஒரு மணி நேரத்துக்கான காசைப் பாதிப் பாதியாகப் போட்டு ஆடும் ஒரே கேம் அதுதான். இருவர் ஆடலாமா, ஒரே திரையில் ஆடலாமா என்ற ஒற்றை வரி எங்களுக்குப் பத்துப் புள்ளிகளைவிடப் பெரிது.

உங்களில் பெரும்பாலானோருக்கு எந்த நிறுவனமும் முன்கூட்டிப் பிரதி அனுப்புவதில்லை. அதை ஒரு குறையாக நீங்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். என் பார்வையில் அது பெரும் பலம். இன்ன நாளுக்கு முன் பேசாதே, இன்ன காட்சியைக் காட்டாதே என்ற கட்டுப்பாடு எதுவும் உங்களுக்கு இல்லை. முதல் நாளே பேசியாக வேண்டும் என்ற அவசரம் மட்டும் ஏன்? பத்து நாள் கழித்து, பழைய பெட்டியிலும் ஆடிப் பார்த்துச் சொல்லுங்கள், நாங்கள் காத்திருப்போம்.

பழைய பெட்டி கைவசம் இல்லாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். வார நாட்களில் பிற்பகல் இரண்டு மணிவரை என் கடை காலியாகத்தான் இருக்கும். ஹட்டன் பக்கம் வருகிறவர்கள் டிஸ்க்கோடு வந்து, அந்த மூன்று பிளேஸ்டேஷன் 4 பெட்டிகளில் எதில் வேண்டுமானாலும் எத்தனை மணி நேரமும் ஆடிப் பார்க்கலாம். அதற்குக் காசு வாங்க மாட்டேன். இரண்டு மணிக்குமேல் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். அவர்களையும் கேட்டுப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து,
கேம் கடைக்காரன்