பச்சை டின்னை மூடி வை

அன்புள்ள ராஜத்துக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே உன் முழங்கால், அண்ணனின் இருமல், பேரனின் பல் எல்லாம் எப்படி? சம்பிரதாயம் தீர்ந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

சின்னராசு அண்ணன் மூலம் ஈப்போவுக்குப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினேனே ஒரு பச்சை டின், அந்த அமுக்கரா (அஸ்வகந்தா) பொடியை இன்றோடு நிறுத்து. வெள்ளிக்கிழமை போனில் சொன்னபோது சிரித்தாய். "நீ எதையும் ஒன்று தலையில் தூக்கிவைத்து ஆடுவாய், இல்லையென்றால் காலில் போட்டு மிதிப்பாய்" என்றாய். பேரன் அழுகிறான் என்று போனையும் வைத்துவிட்டாய். நான் ஆடியது உண்மைதான். ஆனால் கணக்கு டீச்சரின் குடை விஷயத்தில் என் பேச்சைக் கேட்டிருந்தால் நமக்கு அந்தக் கதி வந்திருக்காது என்பதையும் நினைத்துப் பார். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், எழுதினால் இரண்டு தடவை படிப்பாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம். ஏழு மாதமாக நான் ஒரு வரிகூட எழுதாததற்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

அத்தைக்கு 88 முடிந்துவிட்டது. பகலெல்லாம் சாது. ராத்திரி இரண்டு மணி ஆனால் எழுந்து உட்கார்ந்துகொண்டு, "பெரட்டுக்கு நேரமாகிவிட்டது, கத்தி எங்கே, வாளி எங்கே" என்று ஆரம்பித்துவிடுவார். ஜொகூர் ரப்பர் தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுப் பால்மரம் சீவிய வயதுக்கே போய்விட்டார். என்னை அவர் தங்கை என்று நினைத்துக்கொண்டு, "ஏன் இன்னும் படுத்திருக்கிறாய், கங்காணி திட்டுவார்" என்று உலுக்குவார். எழுந்து விளக்கைப் போட்டு, தண்ணீர் கொடுத்து, இது தோட்டம் இல்லை, சிங்கப்பூர், ஈசூன், பன்னிரண்டாவது மாடி என்று சொல்லிப் படுக்கவைப்பதற்குள் மூன்றரை ஆகிவிடும். ஐந்தரைக்கு நான் எழுந்தாக வேண்டும். ஏழு மணிக்கு மழலையர் பள்ளியில் இருபது பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்கக் காத்திருக்கும். இவர் என்ன செய்கிறார் என்று கேட்பாய். குறட்டை விடுகிறார்.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி, கதவுச் சாவியைப் பிடுங்க வந்தவரின் கையில் ஓர் அடி வைத்துவிட்டேன், ராஜம். பலமாக இல்லை. ஆனால் அவர் அழவில்லை, திட்டவில்லை. அந்தக் கையை இன்னொரு கையால் மூடிக்கொண்டு, "நாளைக்குச் சீக்கிரம் எழுந்துவிடுகிறேன்" என்றார். யாரிடமும் சொல்லவில்லை. இவரிடம்கூடச் சொல்லவில்லை. உனக்கு எழுதவும் பேனா வரவில்லை.

மருமகள் என் முகத்தைப் பார்த்தே ஏதோ புரிந்துகொண்டிருக்க வேண்டும். பிறந்தநாளுக்குப் புடவைக்குப் பதிலாக, தேக்கா பக்கத்தில் ஓர் ஆயுர்வேத நிலையத்தில் சிரோதாரைக்குப் பணம் கட்டிவிட்டாள். நான் போக மாட்டேன் என்று இரண்டு வாரம் பிகு பண்ணிவிட்டுப் போனேன். மரப் படுக்கையில் மல்லாந்து படுக்கவைத்து, கண்ணில் ஈரத் துணியைப் போட்டு, மேலே தொங்கும் பாத்திரத்திலிருந்து வெதுவெதுப்பான எண்ணெயை நெற்றியில் நூல் மாதிரி விட்டார்கள். க்ஷீரபலா தைலமாம், நம் குறுந்தோட்டி வேரையும் பாலையும் நல்லெண்ணெயில் சேர்த்துக் காய்ச்சுவது. திருச்சூர்க்காரப் பெண் ஒருத்தி அந்த நூலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாக நகர்த்திக்கொண்டே இருந்தாள். முதல் ஐந்து நிமிடம் மளிகைக் கணக்கு, மின்சாரக் கட்டணம், அத்தையின் மாத்திரை. அதன் பிறகு ஒன்றும் நினைவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து அவள் தோளைத் தொட்டபோது என் வாயிலிருந்து எச்சில் ஒழுகியிருந்தது. சிரிக்காதே. ஏழு மாதத்தில் யாரும் எழுப்பாமல் நான் தூங்கிய முதல் தூக்கம் அது.

அதற்குப் பிறகுதான் வைத்தியர் அறை. நாடி பிடித்தார், நாக்கைப் பார்த்தார், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். இதுவரை எந்த டாக்டரும் அதைக் கேட்டதில்லை என்பதால் எனக்கு அவர்மேல் ஒரே பக்தி. வாதம் மிஞ்சிவிட்டது என்றார். வாதம் காற்றின் குணமாம். நேரம் தவறிய சாப்பாடு, கெட்ட தூக்கம், ஓயாத அலைச்சல் எல்லாம் அதைக் கிளப்பிவிடும். எண்ணெயும் சூடும் ஒழுங்கான பொழுதும்தான் அதை அடக்கும். கேட்கும்போது என் வாழ்க்கையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் மாதிரி இருந்தது. எனக்கு வாதம், அத்தைக்கும் இந்த வயதில் வாதம், இரண்டு வாதமும் ஒரே வீட்டில் சேர்ந்தால் விவாதம்தானே என்றேன். அவர் சிரிக்கவில்லை. நீயாவது சிரி.

வெளியே வரும்போது முன்மேசையில் வேறு கதை. பத்து முறைக்கு மொத்தமாகப் பணம் கட்டினால் சலுகை, இன்றைக்கே கட்டினால் கூடுதல் சலுகை, ஒரு டின் பொடியும் இன்னொரு டின் பொடியும். தலையில் எண்ணெயோடு நிற்கிறவளிடம் எதையும் விற்றுவிடலாம். பத்து முறைக்குக் கட்டவில்லை, அந்த அளவுக்குப் புத்தி மிச்சம் இருந்தது. பொடி இரண்டு டின் வாங்கினேன். அதில் ஒன்றுதான் உன் சமையலறையில் இருக்கிறது.

நான் ஆடிய ஆட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கோப்பியை விட்டேன். பத்மா வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணியை ஒதுக்கிவிட்டுக் கஞ்சி கேட்டேன். பிரம்ம முகூர்த்தத்தில் எழ வேண்டும், அது நாலு மணி என்று யாரோ சொன்னதைக் கேட்டு நாலு மணிக்கு அலாரம் வைத்தேன். அத்தையைப் படுக்கவைத்து அரை மணி நேரத்தில் அலாரம்! ஒரு வாரத்தில் பைத்தியம் பிடிக்கிற நிலை. இவர்தான் தினசரித்தாளுக்குப் பின்னால் இருந்து ஒரு கேள்வி கேட்டார்: "பிரம்ம முகூர்த்தம் என்பது கடிகாரக் கணக்கா, சூரியக் கணக்கா?" சூரியக் கணக்குதான். உதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்கி 48 நிமிடம் நீடிப்பது. நமக்கோ சூரியன் ஏழு மணிவாக்கில்தான் எட்டிப் பார்க்கிறது. 1982 ஜனவரி முதல் தேதி உங்கள் மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினீர்களே, நாங்களும் பின்னாலேயே தள்ளினோமே, நினைவிருக்கிறதா? நம் உமறுப் புலவர் பள்ளியை மூடிய அதே வருடம். ஆக, சிங்கப்பூரில் பிரம்ம முகூர்த்தம் கிட்டத்தட்ட ஐந்து இருபத்தைந்துக்குத்தான் பிறக்கிறது. முப்பது வருடமாக நான் பல் துலக்கிக்கொண்டிருக்கும் நேரம்! இவர் வாழ்க்கையில் சொன்ன உருப்படியான பேச்சு இது ஒன்று.

இனி சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை.

பொடியைத் தினமும் ராத்திரி பாலில் கலந்து குடித்தேன். முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் இருந்தது. ஐந்தாவது வாரம் மாடிப்படி ஏறாமலே நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. கை நடுங்கியது. பிள்ளைகளுக்கு 'அ' எழுதிக்காட்டும்போது கோடு நெளிந்தது. எடை இரண்டு கிலோ குறைந்தது; அதற்கு நான் சந்தோஷப்பட்டேன், பார். மனஅழுத்தம் கூடிவிட்டது என்று நினைத்து இன்னும் அரை ஸ்பூன் சேர்த்துக்கொண்டேன். ஒரு நாள் பள்ளியில் தலைசுற்றி உட்கார்ந்ததும் தலைமை ஆசிரியை விடவில்லை, டாக்டரிடம் அனுப்பிவிட்டார். நாடி நிமிடத்துக்கு 112. ரத்தம் எடுத்தார்கள். "தைராய்டு மாத்திரையை நீங்களாகக் கூட்டினீர்களா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். "வேறு ஏதாவது?" அதுவும் இல்லை என்றேன். பொடியை நான் மருந்தாகவே நினைக்கவில்லையே, மூலிகைதானே! மூன்றாவது தடவை கேட்டபோதுதான் வாயில் வந்தது.

அமுக்கரா தைராய்டு சுரப்பைத் தூண்டிவிடக்கூடியதாம். நான் சாப்பிடும் மாத்திரையே அந்தச் சுரப்பைத்தான் ஈடுகட்டுகிறது. மேலே இதையும் ஊற்றினால், நிறைந்த குடத்தில் ஊற்றியது மாதிரி. அத்தோடு விடவில்லை டாக்டர். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது சர்க்கரையை இன்னும் இறக்கிவிடலாம், ரத்த அழுத்த மாத்திரையோடு சேர்ந்தால் அழுத்தமும் இறங்கலாம், தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் கூடலாம், சிலருக்குக் கல்லீரல் கெட்டிருக்கிறது என்றார். டாக்டர் 'சர்க்கரை' என்ற உடனே எனக்கு உன் ஞாபகம். 'ரத்த அழுத்தம்' என்றபோது உள்ளங்கை வேர்த்துவிட்டது. மாத்திரைப் பெட்டியில் உனக்கு இரண்டு அறையும் நிறைந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தே அனுப்பினேன். போன மாதம் கோயிலில் கண் இருட்டிக்கொண்டு வந்தது, விரதத்தால் இருக்கும் என்றாயே, அது விரதம்தானா?

மூத்தவன் வேறு தன் பங்குக்குப் பயமுறுத்தினான். 2004ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவில் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தார்களாம். 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் என்று ஏதோ ஒன்று இருந்ததாம். எல்லா மருந்தும் அப்படி என்று நான் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. ஆனால் நம் டின்னில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? இங்கே சீன மருத்துவர்கள் பதிவு செய்துகொள்ள 2000ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. நம் வைத்தியர்களுக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை. நாடி பார்த்தவர் நல்லவராகவே இருக்கலாம். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குற்றத்தை எப்படிப் பங்கு பிரித்தாலும் எனக்குப் பாதிக்குக் குறையாது.

அப்படியானால் எல்லாவற்றையும் மிதித்துவிட்டேனா என்றால், இல்லை. இந்தத் தடவை உன் பேச்சைப் பொய்யாக்கிவிட்டேன். எண்ணெயை மட்டும் விடவில்லை. வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்று தங்கம்மா பாட்டி நம் தலையில் தட்டித் தட்டிச் சொன்னதுதானே. பழைய ஆயுர்வேத ஆசான் வாக்படர் தினமும் எண்ணெய் தேய்க்கச் சொல்லியிருக்கிறார்; தலை, காது, பாதம் மூன்றையும் குறிப்பாகச் சொல்லியிருக்கிறார். அஜீரணமாக இருக்கும்போது கூடாது என்றும் எழுதிவைத்திருக்கிறார். அந்தக் காலத்திலேயே யாருக்கு ஆகாது என்று பார்த்திருக்கிறார்கள், நமக்குத்தான் அது கண்ணில் படுவதில்லை.

சனிக்கிழமை முழுக்குளியல் போட்டுப் பார்த்தேன். குளியலறையில் வழுக்கி, குழாயைப் பிடித்துத் தப்பினேன். வீவக அடுக்குமாடி வீட்டுக் குளியலறை எண்ணெய்க் குளியலுக்குக் கட்டியது இல்லை. சீயக்காயும் எண்ணெயும் சேர்ந்து வடிகாலை அடைத்துக்கொண்டதில் இவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இப்போது பாதத்துக்கு மட்டும்தான். சின்னக் கரண்டியில் நல்லெண்ணெய், நாலு மிளகு, ஒரு சிட்டிகை சீரகம். மிளகு ஒன்று வெடித்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் கருகிய வாசம் வந்துவிடும். தரையில் பழைய தமிழ் முரசு இரண்டு தாள். ராத்திரி ஒன்பது மணிக்கு அத்தையை நாற்காலியில் உட்காரவைத்து, அவர் காலை என் மடியில் எடுத்துக்கொள்கிறேன். குதிகால் இன்னும் தோட்டத்துக் குதிகால்தான், வெடிப்புக்குள் எண்ணெய் இறங்குவது தெரியும். கட்டைவிரலால் உள்ளங்கால் குழியை அழுத்தினால் கண்ணை மூடிக்கொள்வார். கடைசியில் துடைத்துவிட்டுக் காலுறை போடாமல் இறங்க விடுவதில்லை.

இரண்டு மணி எழுச்சி நின்றுவிட்டதா என்று கேட்காதே. நிற்கவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் நாலு மணிவரை தூங்குகிறார். எண்ணெயால்தானா, டாக்டர் மாற்றிக்கொடுத்த மாத்திரையாலா, காக்கை எது பனம்பழம் எது என்று நான் ஆராயப்போவதில்லை. மே மாதத்திலிருந்து வாரம் மூன்று நாள் அவரை முதியோர் பராமரிப்பு நிலையத்துக்கும் அனுப்புகிறோம். பேருந்து வந்து ஏற்றிக்கொள்கிறது. பெரட்டுக்குப் போகிறோம் என்று சந்தோஷமாக ஏறுகிறார். ஒரு நாள் கால் பிடித்துக்கொண்டிருக்கும்போது என் கையைப் பார்த்து, "உன் கை ஏன் நடுங்குகிறது, சாப்பிட்டாயா?" என்றார். தங்கையிடம் கேட்டாரா, என்னிடம் கேட்டாரா தெரியவில்லை.

என் நெஞ்சுப் படபடப்பு அடங்கிவிட்டது. அடுத்த ரத்தப் பரிசோதனை இன்னும் மூன்று வாரத்தில். கோப்பிக்குத் திரும்பிவிட்டேன், காலையில் ஒன்று மட்டும், பாலும் சீனியும் இல்லாத கொசோங்.

இப்போது நீ செய்ய வேண்டியது. டின்னை மூடி, உன் மாத்திரைகளோடு சேர்த்து ஒரு பையில் போட்டு, அப்படியே உன் டாக்டரின் மேசையில் வை. மூலிகைதானே என்று மறைக்காதே. அதுவரை காலையிலும் ராத்திரியிலும் சர்க்கரை பார்த்து எழுதிவை. சின்னராசு அண்ணன் 18ஆம் தேதி திரும்புகிறார். எழுதிய தாளை அவரிடம் கொடுத்தனுப்பு. டின்னைத் திருப்பி அனுப்ப வேண்டாம். கழுவி முறுக்குப் போட்டு வைத்துக்கொள், மூடி நன்றாக இறுகும்.

ஒன்பது ஆகிவிட்டது, அத்தை நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு கூப்பிடுகிறார்.

அன்புடன்,
கோகிலா