ஒரு சுற்று

அண்ணா,

இன்று ஏப்ரல் 13, ஒலிம்பிக் பன்னிரண்டு மணி நேர சைக்கிள் பந்தயத்தில் ஆஸ்திரியக்காரர் ஷ்மால் ஜெயித்த நாள். அவரை எனக்குச் சொல்லித் தந்தவனே நீதான், அதனால் உனக்கு மேலே விளக்கப் போவதில்லை.

சைக்கிளை விற்றுவிட்டாயாம். அம்மா சொல்லித்தான் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை, சரி. காரணத்தை இங்கே கிளற வேண்டாம், நம்மோடு ஓட்டுகிறவர்களும் இதைப் படிப்பார்கள்.

நாம் இரண்டு பேரும் ஓட்டிய அந்தப் பன்னிரண்டு மணி நேர ஓட்டம்தான் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. பதினோரு மணி வெயில். எதிர்காற்று. உன் சட்டை முதுகில் உப்பு வெள்ளைக் கோடாகக் காய்ந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, காற்று என்மேல் படாமல் இருக்க உன் பின்சக்கரத்தை ஒட்டி வந்தேன். திரும்பிப் பார்க்காமலேயே, "கொஞ்ச நேரம் நீ முன்னால போடா" என்றாய். கேட்டது. கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். கடைசி அரை மணியில் உன்னைத் தாண்டிப் போனேன்.

சாயங்காலம் நீ முகம் கொடுக்காததால், "ஷ்மாலும் அந்த இங்கிலாந்துக்காரர் கீப்பிங்கின் பின்னால் ஒட்டிக்கொண்டுதானே ஜெயித்தார்?" என்று கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பதில் எனக்கும் தெரியும். 1896 ஏதென்ஸில், நியோ ஃபாலிரோன் சைக்கிள் ஓடுதளத்தில், ஷ்மால் ஆரம்பத்திலேயே எல்லோரையும் ஒரு முழுச் சுற்று முந்திவிட்டார். அப்புறம்தான் கீப்பிங்கை விடாமல் ஒட்டிக்கொண்டார். முன்னால் சம்பாதித்ததைக் காப்பாற்றியது அது. பன்னிரண்டு மணி நேரத்தில் ஷ்மால் 314.997 கிலோமீட்டர், கீப்பிங் 314.664. முடிவு வரை தாக்குப்பிடித்ததே அந்த இரண்டு பேர்தான். அந்தக் கீப்பிங், பிரிட்டிஷ் தூதரகத்தில் வேலைக்காரர். நான் முன்னால் எதையும் சம்பாதிக்கவில்லை, அண்ணா. உன் முதுகில் காற்று பட்டது, எனக்குப் படவில்லை. மன்னித்துவிடு.

ஆனால் காலையில் உனக்குப் பஞ்சரானபோது நின்றவன் நான். என் ஸ்பேர் டியூபைக் கொடுத்தவனும் நான். அதையும் கணக்கில் சேர்.

அதே ஒலிம்பிக்கில் ஷ்மாலின் வாள்சண்டைப் போட்டிக் கதையை நீ எத்தனை முறை சொல்லியிருப்பாய்! அவர் ஜெயித்துக்கொண்டிருக்கும்போது அரச குடும்பம் வந்து சேர, போட்டியை முதலிலிருந்து தொடங்கினார்கள். கடைசியில் நான்காம் இடம். உனக்கு அந்தக் கதை ஏன் அவ்வளவு இனிக்கிறது என்று எனக்குத் தெரியும். உன் தோல்வி எல்லாமே யாராவது வந்து கெடுத்ததுதானே. பன்னிரண்டு மணி நேரப் பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு அதே சைக்கிள் ஓடுதளத்தில் அவர் இரண்டு போட்டிகளில் மூன்றாமிடம் வாங்கினார். ஒற்றைச் சுற்றுப் போட்டியில் கிரேக்கர் நிகோலோபுலோஸும் அவரும் சரியாக 26 வினாடி, மறுபடி ஓடியதில் கிரேக்கர் முந்திவிட்டார். அன்றைக்கு மூன்றாமிடத்துக்குப் பதக்கமே கிடையாது. அதை நீ ஒருநாளும் சொன்னதில்லை.

சைக்கிளை விட்ட பிறகும் அந்த மனிதர் சும்மா இருக்கவில்லை. ஃபிலியஸ் என்ற புனைபெயரில் மோட்டார் வண்டிகளைப் பற்றி எழுதினார். டிரைவர் வைத்துக்கொள்ளாமல் தானே காரை ஓட்டுகிறவர்களுக்குக் கையேடு போட்டார். 1919இல் போய்ச் சேர்ந்தார். நீயும் ஏதாவது செய்வாய். எழுதக்கூடச் செய்யலாம், உனக்கு வாய் இருக்கிறது.

அந்த டியூபை நீ இன்னும் திருப்பித் தரவில்லை. சைக்கிளோடு சேர்த்து விற்றுவிட்டாயா?