மூர்த்திக்கு, அந்த ஜாக்குவார் சாமான்கள் பற்றி

அன்புள்ள மூர்த்தி,

நீ வாங்கிய ஜாக்குவார் கார் என்ஜினின் பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பகுதி), ஹெட் (அதன் மேல் மூடி), மூன்று கார்புரேட்டர், எல்லாவற்றின் போட்டோக்களும் வந்தன. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இனி எதையும் தேய்க்காதே. மூன்று கார்புரேட்டரில் ஒன்றைப் பளபளவென்று ஆக்கி வைத்திருக்கிறாய், பார்த்ததும் பகீரென்றது. மற்ற இரண்டையும் அழுக்கோடு விட்டுவிடு. மண்ணெண்ணெயும் பழைய பிரஷும் போதும், மணல் அடிக்க மட்டும் எங்கேயும் கொடுத்துவிடாதே. இந்தச் சாமான்களில் வாங்குகிறவன் காசு கொடுப்பது அதில் குத்தியிருக்கும் எண்ணுக்குத்தான்.

லெஸ்டரில் வீட்டைக் காலி செய்தவர்கள் "இ-டைப் என்ஜின்", அதாவது ஜாக்குவாரின் அந்தப் பேர்போன ஸ்போர்ட்ஸ் காரின் என்ஜின் என்று சொல்லி உன் தலையில் கட்டினார்கள் என்கிறாய். இருக்கலாம். ஆனால் இந்த எக்ஸ்கே என்ஜினை ஜாக்குவார் 1948-இல் எக்ஸ்கே120 காரோடு கொண்டுவந்து 1992 வரை ஏதாவது ஒரு வண்டியில் போட்டுக்கொண்டே இருந்தது, அதில் ஸ்போர்ட்ஸ் கார் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் குடும்பம் போகிற சலூன் கார்கள், கடைசியில் டெய்ம்லர் லிமோசின். பிரிட்டிஷ் ராணுவத்து ஸ்கார்ப்பியன் டாங்கிக்குள்ளும் இதே என்ஜினின் 4.2 லிட்டர் வகைதான் ஓடியது. அதனால் வெளித்தோற்றத்தை வைத்து மட்டும் யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஹெட்டில் தங்க நிறம் இருக்கிறதே என்று நீ துள்ளுவது தெரிகிறது. இ-டைப் ஹெட் தங்க நிறம்தான், சி-டைப் என்ற பழைய ரேஸ் காரின் ஹெட் சிவப்பு, உண்மைதான். ஆனால் பெயின்ட் டப்பா எல்லாக் கடையிலும் கிடைக்கிறதே!

சரி, எப்படிப் பார்ப்பது? பிளாக்கின் வலது பக்கம், ஆயில் ஃபில்டருக்கு மேலே ஒரு சின்னத் தளம் இருக்கும், அதில் எண் குத்தியிருக்கும். அதே எண் ஹெட்டின் முன்முனையிலும் இருக்க வேண்டும். 'R' என்று தொடங்கினால் 3.8 இ-டைப், '7E' என்றால் 4.2 இ-டைப். '7L' என்றால் எக்ஸ்ஜே6 சலூன், அதற்கும் ஆள் உண்டு, ஆனால் விலை ரொம்பக் குறைவு. கடைசியில் கோடு போட்டு 7, 8, 9 என்று ஏதாவது இருக்கும், அது கம்ப்ரஷன் விகிதம், சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுங்குகிறது என்பது. 9 என்றால் 9-க்கு 1. எண் படிக்க முடியவில்லை என்றால் பதறாதே, உன் வெர்னியரை எடுத்து சிலிண்டரின் விட்டத்தை அள. 83 மில்லிமீட்டர் என்றால் 3.4 லிட்டர் (2.4-உம் 83தான், ஆனால் அந்த பிளாக் குட்டை), 87 என்றால் 3.8, 92 என்றால் 4.2. ரீபோர் செய்திருந்தால், அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கியிருந்தால், கொஞ்சம் கூடத்தான் இருக்கும். 4.2 என்று வந்தால் சிலிண்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே கிராக் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல், அதுதான் அந்த பிளாக்கின் பிறவி வியாதி.

அப்புறம் எண் இருக்கிறது என்பதாலேயே நம்பிவிடவும் கூடாது. டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார். கம்பெனியில் மில்லிங் செய்த மெல்லிய கோடுகள் அந்தத் தளம் முழுக்க ஓடி, எழுத்துகள் அவற்றின் மேல் இறங்கியிருக்க வேண்டும். தளம் மட்டும் வழுவழுவென்று, சுற்றிலும் இருப்பதைவிடத் தாழ்ந்து இருந்தால் எவனோ கிரைண்டர் போட்டு, வேறு எண் குத்தியிருக்கிறான். அந்த வேலையைச் சுத்தமாகச் செய்கிறவர்களும் இங்கே உண்டு.

கார்புரேட்டர் எஸ்யூ, அதில் சந்தேகமே இல்லை. அதன் மாடல் பெயரே வாயின் அளவைச் சொல்லும்: எச்டி8 என்றால் ஓர் அங்குலத்தோடு எட்டு தடவை அரைக்கால் (1/8) அங்குலம் கூட்டிக்கொள், ஆக இரண்டு அங்குலம். மார்க்-2 சலூனுக்கு எச்டி6, அதாவது ஒன்றே முக்கால். உன்னிடம் இருப்பது மூன்றும் இரண்டு அங்குலம் என்றால் நல்ல சேதி, இ-டைப்பில் இருந்தது அதுதான், ஆனால் மார்க் 10 என்ற பெரிய சலூனிலும் மூன்று எச்டி8 இருந்தது, அதையும் மனதில் வை. மிதவைக் கிண்ணத்து மூடித் திருகுக்கடியில் AUD என்று எண் போட்ட சின்னத் தகடு இருக்கும், பலர் அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். இருந்தால் தனியாக எடுத்து வைக்காதே, அதன் திருகிலேயே இருக்கட்டும். உள்ளே இருக்கும் பிஸ்டனும் அதன் மேல் மூடியும் ஜோடியாகப் பொருத்தி அனுப்பியவை, ஒன்றின் பிஸ்டனை இன்னொன்றின் மூடிக்குள் போட்டுவிடாதே.

விலை கேட்டாயே. இணையத்தில் கேட்கிற விலையை விட்டுவிடு, விற்றுமுடிந்த விலையைப் பார். தனி பிளாக் ஒன்றுக்கு, அந்த எண்ணோடு பிறந்த கார் எங்கேயாவது உயிரோடு இருந்து, அதன் முதலாளி வேறு என்ஜினோடு ஓட்டிக்கொண்டிருந்தால், அவன் ஒருவன்தான் உன் உண்மையான வாடிக்கையாளன். அவன் கொடுப்பதை வேறு யாரும் கொடுக்க மாட்டார்கள். எந்தக் காருக்கு எந்த என்ஜின் போனது என்று ஜாக்குவார் ஹெரிட்டேஜ் பழைய பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறார்கள். ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் டீன் விபத்தில் இறந்துபோன அந்த போர்ஷே 550 ஸ்பைடர் காரின் கியர்பாக்ஸ், கியர்பாக்ஸ் மட்டும், 2021-இல் 3,82,000 டாலருக்குப் போனது. எண்ணும் காகிதமும் ஒத்துப்போனதால்தான். உன் சாமானுக்கு அவ்வளவு கனவெல்லாம் வேண்டாம்!

இங்கே கவன்ட்ரியில் குளிர் இன்னும் விடவில்லை, முழங்கால் வலி பழையபடி. பெரியவள் வேலை மாறிவிட்டாள், வீட்டுக்காரி கோவை போய்விட்டு இப்போதுதான் திரும்பினாள், உனக்கென்று நெய் முறுக்கு கொஞ்சம் இருக்கிறது. செப்டம்பரில் பியூலி ஊரில் நடக்கும் பழைய கார் சாமான் சந்தைக்குப் போகலாம் என்றிருக்கிறேன், நீ வருவதாக இருந்தால் இப்போதே சொல், ரூம் பக்கத்தில் கிடைக்காது. பிளாக்கை அதுவரை விற்காதே, எவன் வந்து பணத்தை நீட்டினாலும் ஒரு போன் அடித்துவிட்டுப் பேசு.

அன்புடன்,
ராஜு