பழைய வாடகைக் கட்டடத்தை இடிக்கும் முன் குடியிருப்போருக்கு அவகாசம் கோரும் மனு

அனுப்புநர்:
வாடகைக்குக் குடியிருக்கும் 12 குடும்பத்தினர்,
மயிலாப்பூர், சென்னை - 600004.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சென்னை மாவட்டம், ராஜாஜி சாலை, சென்னை - 600001.

பொருள்: அடுக்குமாடி கட்டுவதற்காக எங்களைக் காலி செய்யச் சொல்வது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

மாட வீதிகளுக்கு அருகே, சுமார் 5 கிரவுண்டு மனையில் உள்ள மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துத் தளம் போட்ட பழைய வகை) கட்டடத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். கல்யாணச் சமையல் செய்பவர், கோயில் வாசலில் பூ விற்பவர், தையல்காரர், பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் என்று எல்லோருக்கும் பிழைப்பும் வைத்தியமும் நடந்து போகும் தூரத்தில்தான். உரிமையாளர் இப்போது ஒரு கட்டுமான நிறுவனத்தோடு ஜாயின்ட் வென்ச்சர் (மனை இவருடையது, கட்டுவது அவர்கள் என்ற கூட்டு ஒப்பந்தம்) போட்டிருக்கிறார். கோடிகளில் விலைபோகும் ஃபிளாட்கள் வரப்போகின்றன. மாதக் கடைசிக்குள் காலி செய்யும்படி வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. அப்புறம் தண்ணீர் மோட்டாரைச் சரியாகப் போடுவதில்லை, மாடிப்படி விளக்கையும் கழற்றிவிட்டார்கள்.

இடிக்கவே கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை. கட்டடம் பழசு, மழைக்கு ஒழுகும். 2019-இல் வந்த கட்டட விதிகள் தளப்பரப்புக் குறியீட்டை (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற கணக்கை) 1.5-லிருந்து 2 ஆக உயர்த்தியதால் மனையின் மதிப்பு கூடியிருக்கிறது. அது உரிமையாளருக்கு உரியது, அதில் பங்கும் கேட்கவில்லை.

எங்கள் குறை வேறு. இடிக்கவும் கட்டவும் அனுமதி கேட்டுப் போகும் காகிதங்களில் நாங்கள் இல்லை. பட்டாவும் பத்திரமும் உரிமையாளர் பெயரைச் சொல்லும். 11 மாத ஒப்பந்தத்தை யாரும் பதிவு செய்வதில்லை என்பதால் வில்லங்கச் சான்றிலும் எங்கள் பெயர் வராது. எங்களில் பலரிடம் அந்த ஒப்பந்தம்கூட இல்லை, வாடகை ரசீதுதான். அடுக்குமாடியில் சொந்த வீடு இருந்தால், 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். வாடகைக்கு இருப்பவரை ஒரு வார்த்தை கேட்பார் இல்லை. மும்பையில் செஸ் (பழுதுபார்ப்புக்கான வரி) கட்டும் பழைய கட்டடங்களை இடித்துக் கட்டினால், அங்கே இருந்த தகுதியுள்ள வாடகைதாரர்களுக்குப் புதுக் கட்டடத்திலேயே குறைந்தது 300 சதுர அடி வீடு தர வேண்டும். இங்கே, 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் திரும்பக் குடிவர முடியும். கோடி ரூபாய் ஃபிளாட்டில் எங்களை வைத்துக்கொள்ள யார் ஒப்புக்கொள்வார்கள்?

ஆனால் அதே சட்டம், இடிப்பதற்காகக் காலி செய்ய வைப்பதென்றாலும் வாடகை நீதிமன்றம் வழியாகத்தான் செய்ய வேண்டும் என்கிறது. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. ஆகவே, தங்களால் நியமிக்கப்பட்ட வாடகை அதிகார அலுவலரை நேரில் அனுப்பி, தண்ணீரையும் விளக்கையும் உடனே சரிசெய்ய உத்தரவிட வேண்டுகிறோம். பிள்ளைகளுக்கு முழு ஆண்டுத் தேர்வு முடியும் வரை அவகாசம் வேண்டும். பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தவர்கள் இருக்கிறோம். அது கைக்கு வராமல் இந்தப் பகுதியில் வேறு வீடு பார்க்கவே முடியாது, எனவே சாவியைக் கொடுக்கும் அன்றே அது திரும்பக் கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். இடிப்பு அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்தால், குடியிருப்போர் விவரத்தைக் கேட்டுப் பெற்ற பிறகே முடிவெடுக்குமாறு மாநகராட்சிக்குப் பரிந்துரைக்கவும் கேட்டுக்கொள்கிறோம்.

வாடகை ரசீதுகள், அட்வான்ஸ் சீட்டுகள், ஆதார் நகல்களை இத்துடன் இணைத்துள்ளோம். ஆய்வுக்கு வரும் அலுவலரிடம் அசலைக் காட்டத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
12 குடும்பத்தினர்
(கையொப்பங்கள் தனித்தாளில்)